வாசகர் கேள்வி – பதில்: வார்டு வாசலில் வரும் அச்சம்

கடந்த இரண்டு மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், மருத்துவமும் செவிலியமும் படிக்கும் மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை மிகுதியாக இருந்தன. எல்லாம் ஏறத்தாழ, நோய் தொற்றிவிடுமோ என்ற ஒரே அச்சத்தைச் சுற்றி வருவதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப்பெயர்களை மட்டும் தருகிறேன்.

கேள்வி: நான் தருமபுரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2021-இல் எங்கள் பெரியப்பா கொரோனாவில் இறந்தபோது, அவருடைய முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உடலைத் தூரத்தில் நின்றுதான் பார்த்தோம். நுண்ணுயிரியல் தாளில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண். ஆனால் அடுத்த மாதம் நெஞ்சக நோய் வார்டில் போஸ்டிங் என்று பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிய கிருமி ஏதாவது பரவுவதாகச் செய்தி வந்தால் உள்ளங்கை வியர்க்கிறது. இவ்வளவு படித்தும் பயப்படுகிற நான் இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவளா, ஐயா? *(பென்னாகரம்)*

பதில்: உங்களுக்கு எதிராக நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். உங்கள் அச்சம் ஆதாரமில்லாத அச்சம் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தியாவில் கொரோனா முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது 2020 ஜனவரி 30 அன்று. அந்த நோயாளி, வூகான் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த, விடுமுறைக்குக் கேரளத்துக்குத் திரும்பியிருந்த ஒரு மாணவி. 2003-இல் சார்ஸ் என்னும் மூச்சு நோயை இது புதியது என்று அடையாளம் கண்டு உலகை எச்சரித்த மருத்துவர் கார்லோ உர்பானி அதே நோய்க்குப் பலியானார். 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்தபோது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நோய்க்கு மிக அருகில் நிற்பவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. அதை மறைத்துவிட்டு, ‘படித்த பெண்ணுக்கு என்ன பயம்’ என்று தோளில் தட்டிக்கொடுத்து அனுப்புவதை நான் ஆறுதலாகக் கருதுவதில்லை.

உள்ளங்கை வியர்ப்பதையும் தூக்கம் கெடுவதையும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு ஒரு வினாத்தாள் நினைவுக்கு வந்தது. 2020-இல் கொரோனா அச்சத்தை அளப்பதற்காக உருவாக்கப்பட்டுப் பல நாடுகளில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தப்பட்ட அந்த அளவுகோலில் மொத்தம் 7 வாக்கியங்கள்தான் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டால் கூட்டுத்தொகை 7-க்கும் 35-க்கும் இடையில் வரும். அந்த ஏழில் ஒன்று கை வியர்த்துச் சில்லிடுவதைப் பற்றியது. ஒன்று தூக்கமின்மையைப் பற்றியது. இன்னொன்று செய்தி பார்க்கும்போது ஏற்படும் பதற்றத்தைப் பற்றியது. உங்களுக்கு மட்டும் வந்த விசித்திர நோயாக இருந்திருந்தால் இவை ஒரு பொது வினாத்தாளில் இடம்பெற்றிருக்குமா?

வியட்நாமில் 2020 ஏப்ரலில், எட்டுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மருத்துவ மாணவர்கள் 5,400-க்கும் மேற்பட்டோரிடம் இந்த அளவுகோலையும், உடல்நலத் தகவலைக் கையாளும் திறனான சுகாதார எழுத்தறிவை அளக்கும் இன்னொரு வினாத்தாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எழுத்தறிவு மதிப்பெண் கூடுதலாக இருந்தவர்களிடம் அச்ச மதிப்பெண் குறைவாக இருந்தது. இரண்டையும் ஒரே வேளையில் அளந்திருப்பதால், எது எதைக் குறைத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அச்சம் குறைந்தவர்கள்தாம் நிதானமாகப் படித்து விளங்கிக்கொண்டார்களோ என்னவோ. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக மாணவர்களோடு பழகிய எனக்கு அந்த முடிவு வியப்பளிக்கவில்லை.

‘நான்தான் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறேனே, எனக்கு ஏன் குறையவில்லை’ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. சுகாதார எழுத்தறிவு என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை. மருந்துச்சீட்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல அது ஒலிக்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2012-இல் வகுத்த விளக்கத்தின்படி, உடல்நலம் பற்றிய தகவலைத் தேடிக் கண்டுபிடிப்பது, அதைப் புரிந்துகொள்வது, நம்பத்தக்கதா என்று எடைபோடுவது, தன் நிலைமைக்குப் பொருத்திச் செயல்படுவது ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. உங்கள் நுண்ணுயிரியல் தாள் அவற்றுள் இரண்டாவதை மட்டுமே சோதித்தது. காசநோய்க் கிருமியின் செல்சுவரைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதத் தெரிந்த உங்களுக்கு, நீங்கள் போகப்போகும் வார்டில் ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன, சளிப் பரிசோதனை முடிவு இன்னும் வராத நோயாளி எந்தப் படுக்கையில் இருக்கிறார், மருந்து தொடங்கிப் பல வாரங்கள் ஆகிவிட்டவர் யார் என்பது தெரியாது. மனம் அஞ்சுவது இந்தத் தெரியாத பகுதியைக் கண்டுதான். போஸ்டிங் தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் அனுமதி பெற்றுப் போய், அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் சமூக மருத்துவம் கற்பித்த காலத்தில் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். கடையில் வாங்கிய சொட்டு நீலத்தைக் கொஞ்சம் நீரில் கலந்து, மாணவர்கள் கையுறையும் மேலங்கியும் முகக்கவசமும் அணிந்த பிறகு, கையுறையின் மேல் தாராளமாகத் தடவிவிடுவேன். அந்த நீலந்தான் கிருமி. இப்போது எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்பேன். கவசம் அணிவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல்முறை கழற்றியவர்களில் பலருக்குக் காதோரத்தில் நீலம், சிலருக்கு மூக்குநுனியில் நீலம், ஒருவர் தலைமுடியை வேறு ஒதுக்கிவிட்டிருந்தார். முதலில் கையுறையை உட்புறம் வெளியே வருமாறு உரித்தெடுக்க வேண்டும்; பிறகு கண்ணாடி, மேலங்கி; அறையை விட்டு வெளியே வந்த பின்னர் கடைசியாக, முன்பக்கத்தைத் தொடாமல், வாரைப் பிடித்து முகக்கவசம்; அதன்பின் கைகழுவுதல். உங்களைப் போலவே கை நடுங்கிய ஒரு மாணவி மூன்றாவது முறை கழற்றியபோது மணிக்கட்டில் கடுகளவு நீலம் மட்டும் ஒட்டியிருந்தது. ஐந்தாவது முறை அதுவும் இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் புதிதாக எந்தத் தகவலையும் கற்றுக்கொள்ளவில்லை. தெரிந்த தகவல் கைக்கு வந்திருந்தது. அறைத் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு விடுதியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். என்-95 முகக்கவசம் அணிந்தால், இரு கைகளையும் அதன்மேல் பொத்தி மூச்சை விட்டு, ஓரங்களில் காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வழியனுப்பியது கிருமி பற்றிய அச்சத்தில் சேராது, அது துக்கம். அதற்குச் சொட்டு நீலம் மருந்தாகாது. தூக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உங்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அதற்குத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற சளிக்காய்ச்சல் கிருமி பற்றிய செய்தி வந்தபோது, ஒரு பக்கம் பெங்களூரு, மறுபக்கம் சேலம், நடுவில் நாம் என்று உறவினர்கள் இரவு பதினொரு மணிக்கெல்லாம் அழைத்தார்கள். அவர்களுக்குத் தைரியம் சொன்ன நானே, வாட்ஸ்அப்பில் வந்த சீன மருத்துவமனைக் காணொளிகளைப் பார்த்துப் பயந்துபோயிருந்தேன் என்பதே உண்மை. அடுத்த முறை ஒரு செய்தியை எப்படிப் படிப்பது? *(காவேரிப்பட்டணம்)*

பதில்: அந்தக் கிருமியை நெதர்லாந்தில் கண்டுபிடித்து அறிவித்த ஆண்டு 2001. அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே அது மனிதர்களிடையே இருந்துவந்தது. நீங்கள் குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு வந்த சளிக்காய்ச்சல்களுள் ஒன்று அதுவாகவே இருந்திருக்கலாம். ஜனவரி முதல் வாரத்தில் பெங்களூருவிலும் சென்னையிலும் சேலத்திலும் அது ‘வந்தது’ என்று தலைப்பிட்டார்கள். ஏற்கெனவே இருந்ததைப் பரிசோதித்துக் கண்டார்கள் என்பதுதான் சரி. கிருமி புதியதா, பரிசோதனை புதியதா என்ற ஒரு கேள்வியை அன்றிரவு நீங்கள் கேட்டிருந்தால் உறவினர்களுக்கும் தூக்கம் கிடைத்திருக்கும்.

அடுத்து, செய்தியில் வரும் எண்ணுக்குக் கீழே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ‘பாதிக்கப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் பேர் இறந்தனர்’ என்றால், பாதிக்கப்பட்டவர்கள் என்று யாரைக் கணக்கில் எடுத்தார்கள்? ஒரு நோயின் தொடக்க வாரங்களில், மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே பரிசோதிப்பார்கள். வீட்டிலேயே மிளகு ரசம் குடித்து எழுந்துவிட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே முதலில் வெளியாகும் இறப்பு விகிதம் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். சில வேளைகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: நோயுற்றவர்கள் இன்னும் படுக்கையில் இருக்கும்போதே கணக்கெடுத்தால் விகிதம் சிறியதாகத் தெரியும். சார்ஸ் நோயில் இறுதிக் கணக்கு 8,098 பேரில் 774 இறப்புகள், அதாவது 100-க்கு ஏறத்தாழ 10. தொடக்கத்தில் சொல்லப்பட்ட விகிதம் இதில் பாதிகூட இல்லை.

கொல்லும் வேகமும் பரவும் வேகமும் வேறுவேறு என்பதை மருத்துவ மாணவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். நிபா வந்தவர்களில் 100-க்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்ற மிக நெருக்கமான தொடர்பு வேண்டும் என்பதால், ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குக்கூடப் பரப்புவதில்லை. தட்டம்மையோ, தடுப்பூசி போடாதவர்களிடையே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. தட்டம்மை என்று கேட்டு நடுங்குகிற யாரையும் நான் பார்த்ததில்லை.

பரிசோதனை முடிவு என்பதும் எடைபோட வேண்டிய பொருள்தான். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது; பரிசோதனை அந்தப் பத்தில் 9 பேரைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும்; நோயில்லாதவர்களில் 100-க்கு 5 பேரைத் தவறாக நோயாளி என்றும் சொல்லும். நல்ல பரிசோதனைதானே என்று தோன்றும். ஆனால் நோயில்லாத 990 பேரில் ஏறத்தாழ 50 பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிடும். மொத்தம் 59 பேரை அழைத்து உட்காரவைத்தால் அவர்களில் 9 பேருக்கு மட்டுமே நோய். இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போடும்போது தலையாட்டுகிறவர்கள், சொந்த வீட்டில் ஒரு முடிவு வரும்போது மறந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை என் மனைவியின் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறந்திருக்கிறேன்.

சீன மருத்துவமனைக் காணொளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேதியும் இடமும் யார் எடுத்தது என்பதும் இல்லாத காணொளியை, நோயாளியின் பெயர் ஒட்டாத இரத்த மாதிரியைப் போல நடத்துங்கள். ஆய்வகத்தில் அதை என்ன செய்வீர்கள்?

கேள்வி: எங்கள் தோப்பில் மாங்காய்க் காலத்தில் வௌவால் கடித்த பழங்கள் நிறைய விழும். மருந்தாளுநர் படிப்பு படிக்கும் என் தம்பி, நிபா வந்துவிடும் என்று இந்த ஆண்டு மாம்பழத்தையே தொடவில்லை. அவன் செய்வது சரியா? *(போச்சம்பள்ளி)*

பதில்: பாதி சரி. பறவையோ வௌவாலோ கடித்த தடம் உள்ள பழத்தைக் கடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு உண்ணாமல், முழுதாகவே ஒதுக்கிவிட வேண்டும். விழுந்த பழங்களைப் பொறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மரத்திலிருந்து பறித்த முழுப்பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு பருவம் முழுவதும் மாம்பழம் தின்னாமல் இருப்பது தேவையற்ற தண்டனை என்று உங்கள் தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ‘இன்னொரு கொரோனா வந்தால் பிள்ளையை முதல் ஆளாக வார்டில் நிறுத்துவார்கள்’ என்று என் தாயார் அழுகிறார். பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. நான் என்ன முடிவெடுப்பது? *(பர்கூர்)*

பதில்: முடிவை உங்கள் மகள் எடுக்க வேண்டும், அவர் கடிதம் எழுதாதது எனக்குக் கொஞ்சம் வருத்தமே. ஆனாலும் தங்கள் தாயாரின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2021 மே மாதத்தில், இறுதித் தேர்வுக்காகக் காத்திருந்த இறுதியாண்டுச் செவிலிய மாணவர்களை மூத்தவர்களின் மேற்பார்வையில் கொரோனா வார்டுப் பணிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. மீண்டும் அப்படி ஒரு நிலை வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்ற எண்ணத்தைப் பற்றி மட்டும் ஒரு நினைவூட்டல். 2020 மே 1 அன்று வெளியான கொரோனா மண்டலப் பட்டியலில் தமிழகத்தின் 37 மாவட்டங்களில் பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். நம் ஊருக்கு வராது என்று அன்று பேசிக்கொண்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சில நாள்களிலேயே அந்தப் பச்சை போய்விட்டது.

தங்கள் தாயார் என்றைக்கோ வரக்கூடிய பெருந்தொற்றை எண்ணி அழுகிறார். நான் அவருடைய இடத்தில் இருந்தால், முதலாம் ஆண்டிலிருந்தே தினமும் கையில் எடுக்கும் ஊசியை எண்ணித்தான் கவலைப்படுவேன். மஞ்சள்காமாலை பி வகைக் கிருமி (ஹெபடைடிஸ் பி) உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவருடைய விரலில் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1,000-க்கு 3 அளவில்தான். பொதுமக்கள் அஞ்சுவது இரண்டாவதைப் பற்றி. ஆனால் முதலாவதற்கு மிக நல்ல தடுப்பூசி இருக்கிறது: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவது தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சேர்க்கை நாளன்று கல்லூரியில் விடுதி உணவைப் பற்றி விசாரிப்பதோடு, இந்தத் தடுப்பூசி போடுகிறார்களா, ஊசி குத்திவிட்டால் இரவு இரண்டு மணிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடக்கூடாது. குத்திவிட்டால் காயத்தை அமுக்கிப் பிழியாமல், வாயில் வைத்துச் சப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், திட்டு வாங்க நேரும் என்று அஞ்சி மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நோய்க்கு அஞ்சியதைவிட மேற்பார்வையாளருக்கு அதிகம் அஞ்சிவிட்டார். அவருடைய நல்ல காலம், தொற்று எதுவும் ஏற்படவில்லை.

கேள்வி: மருத்துவக் கல்லூரிக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒரு கிராமத்தில் சில வீடுகளுக்குப் போய்வருகிறேன். ‘அடுத்த கொரோனா எப்போது வரும்’ என்று கேட்கிறார்கள். எனக்கே உள்ளுக்குள் பயமாக இருக்கும்போது அவர்களுக்கு நான் என்ன சொல்வது? *(அரூர்)*

பதில்: எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். வெள்ளை அங்கி போட்டவர் தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2020-இல் தெரியாததையெல்லாம் தெரிந்ததுபோல் பேசிப் பிறகு மாற்றிப் பேசியவர்கள் மீதுதான் மக்களுக்கு இன்றுவரை கோபம்.

அந்த வீடுகளில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். குழந்தைகளின் பல்லில் பழுப்புக்கறை, பெரியவர்களுக்குக் குனிய முடியாத முதுகு. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் நம்முடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதே அதற்காகத்தான். ஆண்டுக்கணக்கில் மெதுவாக எலும்பில் ஏறும் ஒன்று யாரையும் இரவில் எழுப்புவதில்லை. ‘தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்’ என்று கொரோனாக் காலத்திலும் அதற்கு முன்பும் நாம் சொல்லிச்சொல்லி, கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்பிவிட்டார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நம் அறிவுரை ஒன்று, கேட்டவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறொன்று.

ஆகவே எதைச் சொன்னாலும், சொல்லி முடித்தபின், ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், பாட்டி, நான் சொன்னதை உங்கள் பேச்சில் ஒருமுறை சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரம் போகும்போது, காய்ச்சலும் இருமலும் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு இதைச் செய்து பாருங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது எது விடுபட்டது, எது மாறிப்போனது என்பதைக் குறித்து எனக்கு எழுதினால் அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசலாம்.